அண்ணாமலைச் சாரலில் ஒரு தொலைநோக்கி

திருவண்ணாமலை நகரினின்று செங்கம் செல்லும் சாலையில், ரமணாசிரமத்தை அடுத்து எம் உறவினர் வீடொன்று உளது. அதன் மொட்டை மாடியில் நிற்பார்க்கு வடதிசை முழுவதும் மலையே தோன்றும். இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் அமைந்திருத்தலால், துருவமீன் அடிவானத்திற்கு மேல் 12 பாகை உயரத்திலேயே நிற்கும். மலைமுகடோ அம்மாடியினின்று நோக்க அதனினும் உயர்ந்து நிற்பது. ஆதலின் துருவமீனை யாம் அங்கிருந்து ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் தெற்கே, சமுத்திரம் ஏரிப் பக்கமாக, வானம் அடிவரை திறந்து கிடக்கின்றது. வடவானத்தை மலை தனக்கென வைத்துக்கொண்டு, தென்வானத்தை எமக்கு விட்டுக்கொடுத்தது என்றே கூறலாம்.

இம்மாடியில், சென்ற கார்த்திகை தொடங்கி வைகாசி வரை, கல்லூரி விடுமுறை நாட்களில், எம் மாணவர் மூவரைத் துணைக்கொண்டு யாம் ஒரு தொலைநோக்கி செய்தோம். எம் பாட்டனார் காலத்தில் இதனைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி என்பர். கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளை வீட்டில் செய்வானேன் என்று கேட்டவர் பலர். அவர்களுக்கு அப்போது யாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரையை அதற்கு விடையாகக் கொள்ளலாம்.

தொலைநோக்கியின் தத்துவம் எளிது. நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த கண்ணாடி வில்லையொன்று, தொலைவிலுள்ள பொருளின் ஒளியை வளைத்து ஓரிடத்தில் கூட்டி, ஆங்கு அப்பொருளின் சிறிய பிம்பமொன்றை உண்டாக்கும். அவ்விடத்திற்கும் வில்லைக்கும் உள்ள தூரமே குவியத் தூரம். அச்சிறு பிம்பத்தை, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது போல, மற்றொரு சிறு வில்லையால் பெரிதாக்கிப் பார்க்கிறோம். முன்னது பொருளருகு வில்லை. பின்னது கண்ணருகு வில்லை. முன்னதன் குவியத் தூரத்தைப் பின்னதன் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகக் காணலாம் என்பது வரும். 1608ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு மூக்குக்கண்ணாடி வினைஞர் லிப்பர்ஷே இக்கருவிக்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தார். மறு ஆண்டே கலிலேயோ தாமே ஒன்று செய்து வானத்தை நோக்கினார். அவர் கண்ணருகே வைத்தது குழிந்த வில்லை. இரண்டும் குவிந்தனவாக வைக்கும் முறையைக் கெப்ளர் 1611இல் விளக்கினார். யாம் பின்பற்றியது கெப்ளர் முறையே. பார்க்கும் பரப்பு இதில் அகன்றது.

வேண்டிய பொருள்கள் அனைத்தும் திருவண்ணாமலைக் கடைத்தெருவிலேயே அகப்பட்டன. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லையின் வலிமையை டயாப்டர் என்னும் அளவாற் கூறுவர். பொதுமக்கள் அதனைப் ‘பவர்’ என்பர். ஒரு மீட்டரை அவ்வெண்ணால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். கூட்டல் குறியிட்ட 1.00 வில்லைக்கு 1 மீட்டர்; 0.50 வில்லைக்கு 2 மீட்டர். சட்டத்திற்கு ஏற்ப வெட்டப்படாத முழுவட்ட வில்லையாகக் கேட்டு வாங்கவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. உடையாது என்று சொல்லி விற்கப்படும் பாலிகார்பனேட் வில்லை இவ்வேலைக்கு ஆகாது. அது நிறங்களைச் சாதாரணக் கண்ணாடியைக் காட்டிலும் இருமடங்கு சிதறச் செய்யும். யாம் வாங்கியது 1.00 வலிமையும் 65 மில்லிமீட்டர் விட்டமும் உடையது. கண்ணருகு வில்லைக்குக் கடிகாரம் பழுதுபார்ப்போர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி போதும். பத்து மடங்கு என்று குறித்ததை வாங்கினால் அதன் குவியத் தூரம் இரண்டரைச் சென்டிமீட்டர். ஆகவே எமக்குக் கிடைத்த உருப்பெருக்கம் 40.

வில்லையின் குவியத் தூரத்தைக் கடைக்காரர் சொல்லால் மட்டும் நம்பாமல் அளந்தறிதல் வேண்டும். நண்பகலில் வீட்டின் உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, வடக்குச் சாளரத்தை மட்டும் திறந்து, வில்லையை அதன் எதிரே பிடித்து, பின்னால் வெள்ளைத்தாளை முன்னும் பின்னுமாக நகர்த்தினோம். ஓரிடத்தில் தாளின்மேல் அண்ணாமலை முழுவதும், பாறையும் பசுமையும் மேகமுமாக, தலைகீழாக வந்து நின்றது. மாணவர் மூவரும் சிறிது நேரம் அளவுகோலை மறந்து நின்றனர், யாமும் நின்றோம்.

குழாய்க்கு வீடு கட்டுவோர் பயன்படுத்தும் பி.வி.சி. குழாயே கொண்டோம். அதன் உட்புறம் பளபளப்பானது. பக்கவாட்டில் வரும் வெளிச்சம் அதிற்பட்டுத் தெறித்துப் பிம்பத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே உள்ளே மங்கலான கறுப்பு வண்ணம் பூசி, நடுவே துளையிட்ட கறுப்பு அட்டை வளையங்களை இடைவிட்டுப் பொருத்தினோம். இணைப்புக்கென விற்கும் வளையத்துள் வில்லை கச்சிதமாக அமர்ந்தது. குவிந்த பக்கம் வானத்தை நோக்கவேண்டும். மறுமுனையில் சற்றே சிறிய குழாயொன்று முன்னும் பின்னும் நழுவுமாறு செருகி, அதன் கடைசியில் பூதக்கண்ணாடியை வைத்தோம். அது தளராமலும் இறுகாமலும் நழுவுதற்கு உட்குழாயின்மேல் வெல்வெட்டுத் துணி ஒட்டினோம்.

மேலே செல்வதற்கு முன் ஒன்று கூறவேண்டும். வேலை முடிந்த மறுநாட்காலை, கண்ணருகு வில்லையைக் கழற்றிய குழாயை ஒரு மாணவர் மாடிச் சுவரில் சாய்த்துவிட்டுக் காப்பி பருகக் கீழே வந்தார். சிறிது நேரத்தில் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. ஏறிப் பார்த்தால், குழாயின் கீழ்முனையில் மூடியாக ஒட்டியிருந்த கறுப்புத்தாளில் நெல்லிக்காயளவு துளை விழுந்து புகைந்துகொண்டிருந்தது. சூரியன் குழாயின் நேரே வந்துவிட்டான், அவ்வளவே. தாள் இருந்த இடத்தில் ஒருவர் கண் இருந்திருக்குமாயின் அது மீண்டும் பாராது. அன்றுமுதல் வாய்மூடியின்றிப் பகலில் குழாயை வெளியில் வைப்பதில்லை என்று விதி செய்தோம். சிறுவர் உள்ள வீட்டில் இக்கருவியை அரிவாளைப் போலவே உயரத்தில் வைத்தல் நலம்.

முதன்முதல் யாம் குழாயைத் திருப்பியது மலையுச்சியில் ஏற்றிய கார்த்திகைத் தீபத்தின் மேல். மாடியினின்று தீபம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவு. வெறுங்கண்ணிற்கு ஓர் ஒளிப்புள்ளியாய்த் தோன்றுவது குழாயில் காற்றில் அலையும் பெருஞ்சுடராய்த் தோன்றியது. ஆனால் கொப்பரை மேலே. சுடர் கீழ்நோக்கி எரிந்தது! இரண்டு குவிவில்லை கொண்ட கருவி எதனையும் தலைகீழாகவே காட்டும். வானத்தில் மேலென்றும் கீழென்றும் இல்லையாதலால் வானநூலார் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டியாரோ பார்த்துவிட்டு, “என்னப்பா இது, சாமி தீபத்தைக் கவிழ்த்துவிட்டீர்களே!” என்று வருந்தினார். மூன்றாவது வில்லையொன்று இடையே வைத்து நிமிர்த்தலாமென்று யாம் விளக்கியது அவருக்கு ஆறுதல் தரவில்லை.

அவர் கவனியாத குறையொன்று எம் உள்ளத்தைத் தைத்தது. சுடரைச் சுற்றி ஊதாநிறப் புகை போன்ற ஒன்று படர்ந்திருந்தது. அன்றிரவு முழுமதி. அதனை நோக்கினோம். ஒரு விளிம்பில் மஞ்சளும் மறுவிளிம்பில் நீலமும் வழிய, பாலில் தோய்ந்த பஞ்சுபோல் சந்திரன் மிதந்தது. குழாயை எவ்வளவு நழுவியும் தெளிவு வரவில்லை. வில்லை தரங்கெட்டது என்று கடைக்காரரை நொந்துகொண்டோம். பிழை அவர்மேலதன்று.

கண்ணாடி வெள்ளொளியை வளைக்கும்போது நிறங்களை ஒரே அளவில் வளைப்பதில்லை. நீலம் மிகுதியாக வளையும். சிவப்பு குறைவாக வளையும். எம் ஒரு மீட்டர் வில்லையில் நீலப் பிம்பமும் சிவப்புப் பிம்பமும் ஒன்றரைச் சென்டிமீட்டருக்கு மேல் விலகி விழுகின்றன. ஒன்றைக் கூர்மையாக்கினால் மற்றொன்று அகன்ற வட்டமாகி அதன்மேல் படரும். இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். அப்படர்ச்சியின் அகலம் வில்லையின் வாயகலத்தைப் பொறுத்தது. வாயைச் சுருக்கினால் ஓரக்கதிர்கள் சாய்ந்து வருவது குறைந்து, நிறங்கள் ஒன்றன்மேலொன்று நெருங்கிப் படியும்.

இஃது எமக்குத் தெரியாததன்று. வகுப்பில் பலமுறை கரும்பலகையில் வரைந்து காட்டியதுதான். ஆயினும் விலை கொடுத்து வாங்கிய 65 மில்லிமீட்டர் கண்ணாடியின் பெரும்பகுதியை அட்டையால் மறைப்பதற்குக் கை வரவில்லை. பெரிய வாய் மிகுந்த ஒளியை விழுங்கும், மிகுந்த ஒளி மிகுதியாகக் காட்டும் என்னும் ஆசை நூலறிவை வென்றது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மீண்டும் வந்தபோதுதான், வேறு வழியின்றி, 25 மில்லிமீட்டர் துளையிட்ட கறுப்பட்டையொன்றை வாயில் பொருத்தினோம். ஏழில் ஆறு பங்கு ஒளியைத் தள்ளிவிட்டோம் என்பது கணக்கு. அன்று வளர்பிறை ஏழாம் நாள். குழாயினுள் நோக்கிய மாணவர் ஒன்றும் பேசவில்லை. யாம் நோக்கினோம். சந்திரனின் ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையில் வட்டவட்டமான குழிகளும், அவற்றின் நடுவே ஊசிமுனைபோல் மலைகளும், அம்மலைகளின் நிழலும் செதுக்கியதுபோல் நின்றன. ஊதாப் புகை போன இடம் தெரியவில்லை.

ஒரு வார்த்தை: சந்திரனைப் பார்க்கப் பௌர்ணமியைத் தெரிந்தெடுப்பது பிழை. பௌர்ணமியன்று ஊர் நிறைய மக்கள் நிலவொளியில் மலையை வலம் வருகின்றனர். கருவிக்கோ அது வீண்நாள். அன்று சூரியவொளி சந்திரனில் நேர்நின்று விழுதலால் நிழலே இல்லை. நிழலின்றேல் மேடும் பள்ளமும் தோன்றா. ஆறாம் பிறை முதல் பத்தாம் பிறை வரை உள்ள மாலைகளே சிறந்தவை. அதே துளையோடு வியாழனையும் அதன் நான்கு பெரிய சந்திரர்களையும் கண்டோம். 1610இல் கலிலேயோவைத் திகைக்கச் செய்தவை அவையே.

வாயைச் சுருக்காமல் நிறப்படர்ச்சியைக் குறைப்பதற்கு ஒரே வழி குழாயை நீட்டுவது. ஆனால் இங்கே இயற்கை கடுமையான வட்டி வாங்குகிறது. வாயை இருமடங்கு ஆக்கினால் நீளத்தை நான்மடங்கு ஆக்கவேண்டும். ஓரங்குல வாய்க்கு மூன்றடிக்குச் சற்று மேல் போதும். மூன்றங்குல வாய்க்கோ 30 அடி வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் 150 அடி நீளமுள்ள தொலைநோக்கியைக் கம்பத்தில் தூக்கிக் கயிறுகளால் ஆட்டினார் என்பதை இங்கே நினைக்கலாம். இக்குறை வில்லையால் தீராது என்றெண்ணிய நியூட்டன் 1668இல் குழியாடியால் தொலைநோக்கி செய்தார். பின்னர் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறக்கேட்டை ஏறத்தாழ நீக்கும் வில்லை வந்தது. லண்டனில் டாலண்ட் 1758இல் அதற்கு உரிமை பெற்றார். ஆயினும் பெருங்கருவிகளில் இறுதியில் வென்றது ஆடியே. உலகின் மிகப்பெரிய வில்லைத் தொலைநோக்கி 1897இல் அமெரிக்காவில் யெர்க்கீஸ் வானாய்வகத்தில் அமைந்த 40 அங்குலக் கருவி. எம் மாடிக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1968இல் முதலில் நிறுவப்பட்டது, கோடைக்கானல் பணிமனையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் ஆடித் தொலைநோக்கி. அதனை முயன்று அமைத்த வைனு பாப்பு 1982இல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் ஆடித் தொலைநோக்கி 1986இல் ஆங்கே திறக்கப்பெற்று அவர் பெயரால் வழங்குகின்றது.

எம் ஒற்றை வில்லைக்கும் இப்பகுதியின் பழைய வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டென்பது தை மாதத்தில்தான் எம் நினைவிற்கு வந்தது. இங்கிருந்து கிழக்கே, கடற்கரையில், புதுச்சேரி. சீயம் நாட்டில் நேர்ந்த கலகத்தினால் அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்த ழான் ரிஷோ என்னும் இயேசு சபைக் குருவானவர், 1689 டிசம்பரில் 12 அடித் தொலைநோக்கியால் ஒரு வால்மீனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது ஆல்ஃபா சென்டாரி என்னும் ஒளிமிக்க தென்வான மீனை நோக்கியவர், அஃது ஒன்றன்று, நெருங்கி நிற்கும் இரண்டு என்று கண்டார். டாலண்டுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு முற்பட்ட காலம் அது. அவருடைய முகப்புக் கண்ணாடியும் எம்முடையது போன்ற நிறம் சிதறும் ஒற்றை வில்லையே. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் குடும்பம் அவ்விரட்டைக்குரியது. அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டு ஆகும். ரிஷோ கண்ட நாள்தொட்டு நான்கு சுற்றுக்கள் முடிந்துவிட்டன.

தென்வானம் எம் முன் திறந்து கிடக்கிறது. ரிஷோ கண்டதை யாமும் ஏன் காணலாகாது? மாணவர்கள் இக்கேள்வியைப் பற்றிக்கொண்டனர். ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. அவ்விரு மீன்களின் இடைவெளி 2016ஐ ஒட்டி 4 விகலையாகச் சுருங்கி, இப்போது விரிந்து ஏறத்தாழ 9 விகலை உளது. 2029 வாக்கில் 10 விகலைக்கு மேற்செல்லும். 40 மடங்கு கருவியில் 9 விகலை 6 கலையாகத் தோன்றும். நல்ல கண்ணிற்கு அது போதுமெனினும், நிறப்படர்ச்சியும் அடிவானத்துக் காற்றின் நடுக்கமும் சேர்ந்தால் போதாது. ஆகவே 0.50 வலிமையுள்ள வில்லை வாங்கி, ரிஷோவின் குழாயில் ஏறத்தாழப் பாதியளவாக, 2 மீட்டர் நீளக் குழாய் செய்தோம். வாய் 35 மில்லிமீட்டர், உருப்பெருக்கம் 80.

நீண்ட குழாயின் துன்பம் அதனைச் செய்வதிலன்று, பிடித்து நிறுத்துவதில் உளது. பி.வி.சி. குழாய் தன் பாரத்தாலேயே நடுவில் தொய்ந்தது. நேரான சவுக்குக் கம்பொன்றை அதனோடு சேர்த்துக் கட்டினோம். முக்காலி செய்து பார்த்தோம். மூச்சுப் பட்டால்கூட மீன் துள்ளியது. இறுதியில் தென்வானமே உதவிற்று. ஆல்ஃபா சென்டாரி இவ்வூரில் உச்சத்தில் இருக்கும்போதும் அடிவானினின்று 17 பாகைக்கு மேல் எழுவதில்லை. எனவே மாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவரின்மேல் மணற்சாக்கு வைத்து, அதில் குழாயின் தலையை அழுத்தி, அடிமுனையை ஒரு முக்காலிப் பலகையின்மேல் தாங்கச் செய்தோம். அசைவு நின்றது. வானம் சுழல்வதால் மீன் இரண்டு மூன்று நிமிஷத்தில் பார்வையை விட்டு நழுவும். அப்போது முக்காலியை விரலால் தள்ளினால் மீண்டும் அகப்படும்.

இரவில் எம்மைச் சுற்றிக் கூடியவர் பலரும் ஒரே செய்தியைக் கேட்டனர். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு ரமண மகரிஷிகள் மறைந்த வேளையில் வானத்தில் பேரொளியொன்று மலையை நோக்கிச் சென்றதை ஊரார் கண்டனர். ஆங்கு வந்திருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோனும் கண்டதாகக் கூறியுள்ளார். அத்தகையதை இக்குழாயில் காணலாகுமோ என்பது கேள்வி. காணலாகாது. எரிமீன் நொடிப்பொழுதில் வானத்தைக் கடப்பது. எம் குழாயோ முழுமதியின் அகலத்தைக்கூட முழுதும் காட்டாது. அதற்கு வெறுங்கண்ணே தக்க கருவி.

வைகாசி மூன்றாம் வாரம் வரை வானம் இடங்கொடுக்கவில்லை. மாலைதோறும் மேற்கே இடி முழங்கி மேகம் திரண்டது. 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அந்நாட்காலை புதுச்சேரியில் மேகத்தையே கண்ட லெ ழாந்தீலை நினைத்துக்கொண்டோம். விடுமுறை முடிய நான்கு நாளே எஞ்சின. மாணவர் ஒருவருக்கு மறுநாள் இரயில்.

அன்று ஒன்பது மணிக்குத் தென்புறம் கழுவியதுபோல் தெளிந்தது. திரிசங்கு என்று நம்மவர் வழங்கும் தென்சிலுவை மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. அதற்குக் கிழக்கே வரிசையாக இரண்டு பேரொளி மீன்கள். சிலுவைக்கு எட்ட நிற்பதே நாம் தேடியது. பத்தேகால் மணிக்கு அது தெற்கில் உச்சமேறியது. கிரிவலச் சாலை விளக்குகள் எமக்குப் பின்புறம் இருந்தமை நன்மையாயிற்று. முதலில் நோக்கியபோது கொதிக்கும் நீரில் விழுந்த காசுபோல் ஒளி நடுங்கிற்று. காத்திருந்தோம். காற்று ஓய்ந்த ஒரு கணம் நடுக்கம் நின்றது. மஞ்சள் கலந்த ஒளித்துளி ஒன்று. அதனைத் தொடாமல், மயிரிழை இருளுக்கு அப்பால், சற்று மங்கிய மற்றொன்று. மீண்டும் நடுக்கம். மீண்டும் இரண்டு.

யாம் கண்டதைச் சொல்லாமல் மாணவர்களைத் தனித்தனியே நோக்கச் செய்து, தனித்தனித் தாளில் வரையச் சொன்னோம். இருவர் தாளில் இரண்டு புள்ளிகள், சாய்வும் ஒத்திருந்தது. இரயிலுக்குப் போகவேண்டிய மாணவர் கால்மணி நேரம் நோக்கியும் நீண்ட ஒரு புள்ளியையே வரைந்தார். “இரண்டென்று சொல்லலாமே!” என்று மற்றவர் தூண்டினர். “நான் கண்டது இதுதான்” என்று அவர் தாளை எம்மிடம் கொடுத்தார். அம்மூன்று தாள்களையும் அவ்வாறே குறிப்பேட்டில் ஒட்டியுள்ளோம். அதன்பின் மேகம் மூடிற்று. எஞ்சிய மூன்று இரவும் மழை.

குழாய் இப்போது தாழ்வாரத்து உத்தரத்தில், பழைய வேட்டியால் சுற்றப்பட்டுத் தொங்குகிறது. வில்லையைத் தனியே கழற்றி உலர்ந்த டப்பாவில் வைக்கவேண்டும். இல்லையேல் மழைக்காலத்தில் பூஞ்சணம் படரும். இரு முனைகளையும் இறுகக் கட்டவேண்டும். யாம் ஒரு வாரம் கட்டாமல் விட்டதில் குளவியொன்று உள்ளே மண்கூடு கட்டிவிட்டது. நீளக் குச்சியால் அதனைத் தட்டியெடுத்து, கறுப்பு வண்ணத்தை மறுபடி பூச ஒரு பகல் முழுதும் சென்றது.